பெயர் வைப்பதற்கு முன் பார்ப்போம்

குழந்தை மருத்துவப் பிரிவில் மருத்துவ மாணவர்கள் கற்பதும், வகுப்பறையில் நாம் கற்க வேண்டியதும்

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. நான் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது பல நேரம் அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்வதை எழுதச் சொன்னால் நடுவில் இரண்டு சொற்கள் விடுபட்டிருக்கும். வாசிக்கச் சொன்னால் வரியின் நடுவில் நின்றுவிட்டு, பிறகு வேறு ஒரு வரியிலிருந்து தொடங்குவாள். வகுப்பே சிரிக்கும். "எந்த ஊருக்குப் போயிட்டு வந்த?" என்று கேட்டு நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டதுண்டு. முதல் பருவ முடிவில் அவளுடைய பதிவில் "கவனம் இல்லை. கனவு காண்கிறாள்" என்று எழுதினேன்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். மழை விட்டுப் பாத்தி கட்டும் வேலை தொடங்கினால் அடுத்த மழை வரும்வரை அங்கேதான் இருப்பார்கள். பிள்ளை இரும்பையில் பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள். ஆகவே பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. "வீட்டில் கவனிக்க ஆளில்லை" என்பதையும் நானே சேர்த்துக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்தாள். அப்போது குழந்தை மருத்துவப் பிரிவில் பயிற்சி முடித்திருந்தாள். பேச்சு வாக்கில் இந்த மாணவியைப் பற்றி அவளிடம் குறைபட்டுக்கொண்டேன். அவள் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன்.

"அவ அப்படிப் பார்க்கும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாளா டீச்சர்?"

"கவனிச்சதில்லையே."

"தோளைத் தொட்டா?"

"தொட்டுப் பார்த்ததில்ல."

"எத்தனை வினாடி இருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? சட்டுனு தொடங்கிச் சட்டுனு முடியுதா? அந்த நேரத்துல இமை துடிக்குதா, உதடு அசையுதா? முடிஞ்சதும் விட்ட வேலையைத் தொடருறாளா? அவளுக்கே அது தெரியுதா?"

ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். அந்தப் பிள்ளையை எட்டு மாதமாக நாள்தோறும் பார்க்கிறேன். "அப்படின்னா அவளுக்கு என்ன?" என்று கேட்டேன். "நோய் பேரை முதல்ல சொல்லக் கூடாது டீச்சர். பார்த்ததை எழுதணும், கேட்டதை எழுதணும். பேரு கடைசியாத்தான்" என்றாள்.

அன்று மாலை முழுவதும் அவள் பயிற்சியைப் பற்றியே பேசினோம். அதில் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று எனக்குத் தோன்றியதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பயிற்சி நடக்கும் விதம்

மருத்துவ மாணவர்கள் இரண்டாம் ஆண்டு தொடங்கி இறுதியாண்டு வரை ஒவ்வொரு துறையிலும் சில வாரங்கள் வீதம் பயிற்சிக்குச் செல்கிறார்கள். இதை அவர்கள் 'போஸ்டிங்' என்கிறார்கள். குழந்தை மருத்துவப் போஸ்டிங்கும் இப்படி ஒரு முறைக்கு மேல் வரும். காலையில் வார்டுக்குப் போய் ஒரு குழந்தையையும் அதன் தாயையும் பார்த்துப் பேசி, குறிப்பெழுதி, பிறகு பேராசிரியர் முன்பு படுக்கை அருகிலேயே நின்று அதைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் குறுக்குக் கேள்வி கேட்பார். பாதிக் கேள்விகள் நோயைப் பற்றியவையாக இருக்காது. "அம்மா என்ன வார்த்தை சொன்னார்? நீ எப்போது பார்த்தாய்? குழந்தை அப்போது அழுதுகொண்டிருந்ததா?" என்பது போலத்தான் இருக்கும்.

2019 முதல் நடைமுறையில் உள்ள மருத்துவப் பாடத்திட்டம் திறன் அடிப்படையிலானது. நம்முடைய கற்றல் விளைவுகளைப் போலவே அங்கும் ஒவ்வொரு துறைக்கும் எண்ணிட்ட திறன்கள் இருக்கின்றன. மாணவர் அவற்றைச் செய்து காட்டிப் பதிவேட்டில் கையொப்பம் பெற வேண்டும். மனப்பான்மை, அறநெறி, பேசும் முறை ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதியும் அதில் உண்டு.

நம் பகுதிக்கு இது அந்நியமான செய்தி அல்ல. இங்கிருந்து தெற்கே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சி அது. 1964 முதல் இன்றைய பெயரில் இயங்குகிறது. மேற்கே முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளைகள் காய்ச்சலுக்கும் மூச்சிரைப்புக்கும் போய்ப் படுக்கும் இத்தகைய மருத்துவமனைகளின் வார்டுகள்தான் மருத்துவ மாணவர்களின் வகுப்பறைகள். ஒரு வகையில் நம் பிள்ளைகள்தான் அவர்களின் பாடநூல்.

முதல் பாடம்: தொடுவதற்கு முன் பார்

பெரியவர்களைப் பரிசோதிப்பதற்குத் தலையிலிருந்து கால் வரை ஒரு வரிசை உண்டு. குழந்தையிடம் அந்த வரிசை செல்லாது. வெள்ளை அங்கியைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டு அழும். அழுகிற குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அழுகை மட்டுமே கேட்கும். ஆகவே மாணவர்கள் முதலில் கற்பது தள்ளி நின்று பார்ப்பது. குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும். சுற்றும் முற்றும் பார்க்கிறதா, தாயின் குரலுக்குத் திரும்புகிறதா, பொம்மையை எந்தக் கையால் வாங்குகிறது, மூச்சு விடும்போது விலா உள்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தூங்குகிற நேரம் கிடைத்தால் முதலில் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொண்டை, காது போலக் குழந்தைக்குப் பயமும் தொந்தரவும் தருகிற பகுதிகளைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

மூச்சை எண்ணுவதும் அப்படித்தான். அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, ஏனெனில் சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. இருமலோடு இது சேர்ந்தால் நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். கடிகாரமும் பொறுமையும் இருந்தால் செய்யக்கூடிய பரிசோதனை இது.

நாம் என்ன செய்கிறோம்? புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால் முதல் நாளே எழுப்பி நிற்க வைத்து வாசிக்கச் சொல்கிறோம். அவள் நடுங்குகிறாள். "வாசிக்கத் தெரியவில்லை" என்று முடிவு செய்கிறோம். அழுகிற குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

இரண்டாம் பாடம்: சொல்கிறவரின் சொல்லிலேயே எழுது

குழந்தைக்குத் தன் நோவைச் சொல்லத் தெரியாது. தாய்தான் சொல்ல வேண்டும். தாய் இல்லாதபோது யார் குழந்தையோடு அதிக நேரம் இருக்கிறாரோ அவர் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டின் தொடக்கத்திலேயே 'தகவல் தந்தவர் யார், அவர் தரும் தகவலை எவ்வளவு நம்பலாம்' என்று எழுதச் சொல்கிறார்கள். முதன்மைத் தொந்தரவை மருத்துவச் சொல்லாக மாற்றாமல் தாய் சொன்னபடியே, எத்தனை நாளாக என்பதோடு எழுத வேண்டும். 'மூச்சுத்திணறல்' என்று மாணவர் எழுதியிருப்பார். தாய் சொன்னது "நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போடுது" என்பதாக இருக்கும். இரண்டாவதில்தான் செய்தி அதிகம்.

பிறகு கேள்விகள் விரிகின்றன. பிறந்தவுடன் அழுததா, எடை எவ்வளவு, என்னென்ன தடுப்பூசி போட்டாயிற்று, தலை நின்றது எப்போது, நடந்தது எப்போது, நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை என்ன சாப்பிட்டது, வீட்டில் எத்தனை பேர், தந்தை என்ன வேலை செய்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எல்லாமே அதில் உண்டு. குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம் மூன்றையும் வைத்துச் சமூகப் பொருளாதார நிலையைக் கணக்கிடும் குப்புசாமி அளவுகோலை இந்திய மருத்துவ மாணவர்கள் எல்லாரும் கற்கிறார்கள். நோய் குழந்தையின் உடம்பில் மட்டும் இல்லை, அது வாழும் வீட்டிலும் இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு நினைவூட்டுகிறது.

கேள்வியைவிடக் கேட்கும் தொனி முக்கியம். "ஏம்மா இவ்வளவு நாள் கூட்டிட்டு வரல?" என்று தொடங்கினால் தாய் அதற்குமேல் பேசமாட்டார், அல்லது மருத்துவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வார். "முதல்ல எப்பம்மா கவனிச்சீங்க?" என்று கேட்டால் எல்லாம் வரும். பெற்றோரை வரவழைத்து நாம் பேசும் முதல் வாக்கியத்தை இந்த இடத்தில் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாம் பாடம்: குழந்தையை அதன் வயதோடும் அதன் நேற்றோடும் ஒப்பிடு

குழந்தை என்பது சிறிய அளவில் உள்ள பெரியவர் அல்ல. மருந்தின் அளவுகூடப் பெரும்பாலும் எடைக்கு ஏற்பக் கணக்கிடப்படுகிறது. நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் வயதுக்கேற்ற அளவு உண்டு. வளர்ச்சியைப் பார்க்க 5 வயது வரை உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் பயன்படுகிறது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவாக்கியது அது. 5 முதல் 18 வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வரைபடம் இருக்கிறது.

இந்த வரைபடத்தில் மாணவர்கள் கற்கும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஒரே ஒரு புள்ளி அதிகம் சொல்லாது. புள்ளிகளை இணைக்கும் கோடுதான் பேசும். தாழ்வான கோட்டில் இருந்தாலும் அதே கோட்டில் சீராக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. நல்ல உயரத்தில் இருந்த கோடு திடீரென்று படுத்துவிட்டால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

வளர்ச்சிப் படிகளும் அப்படியே. 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது, ஏறத்தாழ 4 மாதத்துக்குள் தலை நிற்பது, 8 மாத அளவில் துணையின்றி உட்காருவது, ஒரு வயதை ஒட்டிப் பொருளோடு ஒரு சொல் சொல்வது, 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்ப்பது என்று பட்டியல் போகிறது. தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு வியப்பு இருக்கும். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று பருவங்களை வகுத்திருக்கிறோம். கையூன்றித் தலையெடுத்து ஆடுவதையும், கைகொட்டுவதையும், நடந்து வருவதையும் மாதக் கணக்கோடு பார்த்த கண் நம் மரபிலேயே உண்டு.

நம்மிடமும் அந்த அணுகுமுறை இல்லாமல் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை இருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறோம். மேல் வகுப்புக்கு வந்ததும் அதை மறந்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடத் தொடங்குகிறோம். என் மாணவியின் நான்காம், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்திருந்தால், கோடு எங்கே படுத்தது என்று எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

நான்காம் பாடம்: மதிப்பெண் எதற்கு?

மதிப்பெண் போடுவது நம் அன்றாட வேலை. குழந்தை மருத்துவத்திலும் ஒரு மதிப்பெண் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போடுவது. அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் இதை வகுத்தார். உடலின் நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசையின் விறைப்பு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என்று கொடுத்து, மொத்தம் 10-க்குக் கூட்டுகிறார்கள்.

இதில் கருவி எதுவும் புதிதாக இல்லை. ஒவ்வொரு குழந்தையையும், குறித்த நேரத்தில், குறித்த ஐந்து செய்திகளுக்காகக் கட்டாயம் பார்க்க வைத்ததுதான் அப்கார் செய்த வேலை. 'பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது' என்ற பொத்தாம் பொதுவான பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. இந்த மதிப்பெண் குழந்தைகளை வரிசைப்படுத்துவதற்காக வந்தது அல்ல. எந்தக் குழந்தைக்கு இந்த நிமிடம் உதவி வேண்டும் என்று காட்டுவதற்காக வந்தது. நம்முடைய மதிப்பெண் பதிவேட்டையும் அந்தக் கண்ணோடு ஒரு முறை திறந்து பார்க்கலாம்.

பத்து நாள் குறிப்பு

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொண்டேன். அந்த மாணவிக்கென்று பத்துப் பள்ளி நாட்கள். மருத்துவ மாணவி கேட்ட கேள்விகளையே முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதியவற்றில் சில:

செவ்வாய், இரண்டாம் பாடவேளை: எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டேன், அசைவில்லை. இமை லேசாகத் துடித்தது. மனத்துக்குள் எண்ணினேன், ஏறத்தாழ 10 வினாடி. பிறகு தானாக எழுதத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

புதன்: நான் பார்த்தவை 4 முறை. ஒன்று, சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றபோது.

வெள்ளி: விளையாட்டு வேளையில் ஓடிவந்து நின்றவுடன் ஒரு முறை. பந்து அவள் மேல் பட்டும் தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

பந்து பட்ட அந்த வரியை எழுதும்போதே எனக்குக் கை கூசியது. கனவு காண்கிற குழந்தை தொட்டால் திரும்பும். இந்தக் குழந்தை அந்தப் பத்து வினாடியும் அங்கே இல்லை. வாசிக்கும்போது அவள் வேறு வரியில் தொடங்கியதற்கும், சொல்வதை எழுதும்போது இரண்டு சொற்கள் விடுபட்டதற்கும் காரணம் அதுதான். நான் சொன்ன அந்த இரண்டு சொற்கள் அவளுக்குக் கேட்கவே இல்லை.

பிறகு பாட்டியைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். "பிள்ளை சரியாப் படிக்கல" என்று தொடங்காமல், "வீட்ல அவ எப்படி இருக்கா? ஏதாவது கவனிச்சீங்களா?" என்று கேட்டேன். பாட்டி உடனே சொன்னார்: "சோறு திங்கும்போதே கை அப்படியே நின்னுடும் டீச்சரம்மா. கண்ணு மட்டும் நிலைகுத்தி நிக்கும். ரெண்டு வருசமா இருக்கு. எங்கியோ பயந்துட்டாளோன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினேன்." இரண்டு ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா உப்பளத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் என் குறிப்பேட்டை வாங்கிப் பத்துப் பக்கத்தையும் படித்தார். பிறகு ஒரு தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, விடாமல் ஊதிக்கொண்டே இருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் ஊதுவது நின்றது. கண் நிலைத்தது. அம்மா அவள் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். சில வினாடிகளில் அவள் மீண்டும் ஊதினாள், எதுவும் நடக்காதது போல. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்கள். அதன் பிறகே நோயின் பெயரைச் சொன்னார்கள். இது ஒரு வகை வலிப்பு. கீழே விழுதலும் கைகால் வெட்டுதலும் நுரை தள்ளுதலும் இதில் இல்லை. சில வினாடி நினைவு மட்டும் அறுபடும், ஒரு நாளில் பல முறைகூட. பெரும்பாலும் மாத்திரையில் கட்டுப்படும்.

(இப்படி ஊதச் சொல்லிப் பார்ப்பது மருத்துவர் முன்பு செய்ய வேண்டிய பரிசோதனை. நாம் வகுப்பறையில் செய்து பார்க்கக் கூடாது.)

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அந்த இடைவெளிகள் குறைந்தன. ஆனால் இரண்டு ஆண்டுகளாக விடுபட்ட பாடம் மாத்திரையில் திரும்பி வராது. பின்னங்களில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். மதிய இடைவேளையில் நான்காம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். அவளைத் தனியே அழைத்து, "நீ வேணும்னே செய்யலன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. தப்பு என் மேலதான்" என்று சொன்னேன். அவள், "எனக்கும் தெரியாது டீச்சர்" என்றாள்.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டுச் சன்னலைப் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வலிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் பெயர் வைப்பதுதான். கவனம் சிதறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. காலையில் சாப்பிடாமல் வருவது, இரவில் தூக்கமின்மை, இரத்தசோகை, பார்வைக் குறைவு, காது கேளாமை, வீட்டில் நடந்த சாவு அல்லது சண்டை, சில நேரம் நம் பாடம் பிடிக்காமல் போவது. நம் வேலை நோயைக் கண்டுபிடிப்பது அல்ல. பார்த்ததை எழுதி, உரியவரிடம் சேர்ப்பது.

சேர்ப்பதற்கு வழி இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைபாடுகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்ற நான்கையும் அவர்கள் பார்க்கிறார்கள். தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் பள்ளி முழுவதையும் ஒரே நாளில் பார்க்கும் குழுவுக்கு, ஒரு குழந்தையின் பத்து வினாடி அகப்படாமல் போகலாம். நாள்தோறும் பார்க்கிற நாம் எழுதி வைத்திருந்தால் அந்த ஒரு நாள் பயன்படும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் அந்தத் தாளைக் காட்டலாம்.

வகுப்பில் வலிப்பு வந்தால்

கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பெஞ்சு, கூர்மையான பொருள்களை விலக்குங்கள். தலைக்குக் கீழே மடித்த துணியை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்.
3. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும்.
4. கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்க வேண்டாம்.
5. சாவிக்கொத்தையும் இரும்பையும் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்கும். அதைத்தான் நாம் இரும்பால் நின்றதாக நினைக்கிறோம்.
6. முழு நினைவு வரும்வரை தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம்.
7. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ, முதல் முறையாக வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.
8. மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பி, பிறகு அவர்களிடம் அமைதியாக விளக்குங்கள். வலிப்பு தொற்றாது.

ஒரு பக்கக் கவனிப்புத் தாள்

மருத்துவ மாணவர்களின் கேஸ் ஷீட்டைப் பார்த்து நான் எனக்காகச் செய்துகொண்டது இது. யாருக்கேனும் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

1. என்ன பார்த்தேன்? (சோம்பல், திமிர், மந்தம் போன்ற சொற்கள் வேண்டாம். கண், கை, வாய், கால் என்ன செய்தன என்று மட்டும்.)
2. எப்போது, எத்தனை முறை, எவ்வளவு நேரம்?
3. அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது?
4. குழந்தை தன் சொல்லில் என்ன சொன்னது?
5. வீட்டில் அதிக நேரம் உடனிருப்பவர் யார்? அவர் தன் சொல்லில் என்ன சொன்னார்?
6. கடந்த இரண்டு ஆண்டுகளில் கோடு எப்படிப் போகிறது? (மதிப்பெண், வருகை, உயரம், எடை)
7. யாரிடம் சேர்த்தேன்? எந்த நாளில்?

இந்தத் தாளை மற்றவர் பார்வைக்கு வைக்க வேண்டாம். மருத்துவ மாணவர்கள் நோயாளியின் செய்தியை வார்டுக்கு வெளியே பேசக் கூடாது என்று கற்கிறார்கள். ஆசிரியர் அறைப் பேச்சுக்கும் அந்த விதி பொருந்தும்.

இரும்பை மாகாளேசுவரர் கோயிலைத் தெரிந்தவர்களுக்குக் கடுவெளிச் சித்தர் கதையும் தெரிந்திருக்கும். ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். நடந்தது அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துச் சிரித்தார்கள். சித்தர் சினம்கொண்டு பாட, லிங்கமே வெடித்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான்தான் சொல்கிறேன். சிரித்தவர்கள் பக்கத்தில் நானும் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

அந்த மாணவியின் பதிவில் நான் எழுதிய பழைய வரியை அடித்துவிட்டு, பத்து நாளில் பார்த்ததை நான்கு வரியில் எழுதி, மருத்துவமனைக்குப் போன தேதியையும் சேர்த்தேன். அடுத்த ஆண்டு அவளுக்கு ஆசிரியராக வருபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

குறுவள மையக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் வகுப்பில் 'கவனமில்லாதவர்' என்று நீங்கள் கருதும் ஒருவரைப் பற்றி, அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் ஐந்து வாக்கியங்கள் எழுத முடியுமா?
2. பெற்றோரிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி எது? அதை எப்படி மாற்றலாம்?
3. பெற்றோர் வெளியூரில் வேலை செய்யும் குழந்தைகள் உங்கள் பள்ளியில் எத்தனை பேர்? அவர்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர் யார் என்று உங்களிடம் குறிப்பு உள்ளதா?
4. அடுத்த முறை மருத்துவக் குழு வரும்போது, அவர்களிடம் தருவதற்கு எத்தனை கவனிப்புத் தாள்கள் தயாராக இருக்கும்?